தண்ணியில நின்ன வண்டி: முதல்ல சாவியைத் தொடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

இன்னிக்கு எபிசோட் நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தினது. நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. இதுல புதுசா ஒண்ணும் இல்ல, கேட்டுட்டு இருக்குற உங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் இருப்பீங்க. ஆனா அந்த ரெண்டும் சேர்ந்து என் மாமாவோட வண்டியைக் காலி பண்ணிச்சு.

மாமா பள்ளிக்கரணையில கேன் தண்ணி போடுறவர். ஒரு குட்டி யானை வெச்சிருக்கார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகள்ல சென்னையில எப்படிப் பெஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல நின்ன வண்டி சீட் வரைக்கும் தண்ணிக்குள்ள. கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. தண்ணி வடிஞ்ச பிறகு பெங்களூருல இருந்த எனக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, வண்டி வெளிய தெரியுது. இப்ப என்ன பண்ணட்டும்?"

நான் யோசிக்கவே இல்ல. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா"ன்னேன்.

எங்க வேலையில எது நின்னாலும் முதல்ல ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம். போனா ஒண்ணும் போகாது. அந்தப் பழக்கம்தான் வாய்ல வந்துச்சு. மாமா சாவியைத் திருப்பினார். 'டக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி வீக்னு நினைச்சு தெருப் பசங்க செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளினாங்க. உள்ள ஏதோ அடிபட்ட மாதிரி சத்தம் வந்து வண்டி நின்னுடுச்சு.

உள்ள என்ன நடந்துச்சு?

இன்ஜின் சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேல வரும்போது காத்தைச் சுருக்குது. காத்து சுருங்கும். தண்ணி சுருங்காது. இந்த எபிசோட்ல இருக்குற மொத்த பிசிக்ஸும் இவ்வளவுதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 700 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின்னு வெச்சுக்கோங்க. ஒரு சிலிண்டருக்கு 350 மில்லி. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தைச் சுமார் 20 மடங்கு சுருக்கி, அதுல வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்குது. அப்போ பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல மிச்சம் இருக்குற இடம் 20 மில்லிக்கும் கம்மி. இருமல் மருந்து பாட்டில் மூடியில ரெண்டு மூடி. அதுக்கு மேல தண்ணி உள்ள இருந்தா பிஸ்டனால மேல வரவே முடியாது. இதுக்குப் பேர் ஹைட்ரோலாக். பெட்ரோல் இன்ஜின் சுமார் 10 மடங்குதான் சுருக்கும், இடம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா கதை அதேதான்.

பிஸ்டன் நின்னுடுது. ஆனா கீழ இருந்து கிராங்க் ஷாஃப்ட் தள்ளிட்டே இருக்கு. நடுவுல மாட்டுறது கனெக்டிங் ராடு. அது வளையும், இல்ல உடையும். ஓடிட்டு இருக்குற வண்டி தண்ணியை உறிஞ்சினா இன்னும் மோசம். 2000 ஆர்பிஎம்ல ஒரு பிஸ்டன் செகண்டுக்கு 33 தடவை மேல வருது. நிறுத்த நேரமே கிடைக்காது. அதனால ஆழமான தண்ணியில வண்டி ஆஃப் ஆனா, மறுபடி ஸ்டார்ட் பண்ணாம இறங்கிடுங்க.

நிறுத்தி வெச்ச வண்டிக்குள்ள தண்ணி போனா மட்டும் ராடு வளையாது. தண்ணி சும்மா உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் யாராவது இன்ஜினைச் சுத்த வைக்கும்போதுதான் ராடு போகுது. எங்க கேஸ்ல அந்த யாராவது, நான்.

சரி, என்ன பண்ணியிருக்கணும்?

இதெல்லாம் அப்புறம் மெக்கானிக் அண்ணன் பக்கத்துல ரெண்டு நாள் நின்னு கத்துக்கிட்டது.

முதல்ல, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு பாருங்க. பாடியில சேத்துக் கோடு இருக்கும். கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. வண்டியை நகர்த்தணும்னா நியூட்ரல்ல மட்டும். கியர்ல போட்டு இழுத்தா சக்கரமே இன்ஜினைச் சுத்தும், அதுவும் சாவி போட்ட மாதிரிதான்.

அடுத்தது ஏர் ஃபில்டர். திறந்து பார்க்கும்போது நனைஞ்சிருந்தா, சிலிண்டர் வரைக்கும் தண்ணி போயிருக்குன்னே வெச்சுக்கணும். அப்புறம் ஆயில் டிப்ஸ்டிக். ஆயில் பால் டீ கலர்ல இருந்தாலோ, அளவு வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ தண்ணி கலந்திருக்கு. கலர் நல்லா இருந்தாலும் நம்பாதீங்க. தண்ணி ஆயிலைவிடக் கனம், அடியில தங்கிடும். கீழ இருக்குற டிரெயின் போல்ட்டைக் கழட்டினா முதல்ல தண்ணிதான் வரும்.

இப்ப முக்கியமான வேலை. டீசல்னா இன்ஜெக்டர் இல்லன்னா க்ளோ பிளக், பெட்ரோல்னா ஸ்பார்க் பிளக். எல்லாத்தையும் கழட்டணும். தண்ணி வெளிய போக ஒரு வழி வேணும் இல்லையா? அதுக்கப்புறம் ஸ்பேனர் போட்டு கையால மெதுவா இன்ஜினைச் சுத்தணும். தடுத்தா அங்கயே நிறுத்திடணும். லேசா சுத்துச்சுன்னா, டீசல் சப்ளையை நிறுத்திட்டு ஸ்டார்ட்டர்ல சின்னச் சின்னதா ஓட்டலாம். அந்த ஓட்டைக்கு நேரா யாரும் குனிஞ்சு பார்க்கக் கூடாது, தண்ணி வேகமா அடிக்கும். கடைசியில ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விடணும், துரு பிடிக்காம இருக்க.

டீசல் டேங்கையும் காலி பண்ணணும், ஃபில்டரை மாத்தணும். இன்ஜெக்டருக்குள்ள தண்ணி போனா அது தனிச் செலவு. இன்ஜின் ஆயிலை மாத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி மாத்தணும். ஒரு தடவை மாத்தினா எல்லாத் தண்ணியும் வந்துடாது. கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆயிலும் பார்க்கணும். அதுல காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சூடா இருக்கும்போது தண்ணியில இறங்கினா அது வழியா உறிஞ்சிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க. கம்ப்ரஷன் டெஸ்ட் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. லேசா வளைஞ்ச ராடு கொஞ்ச நாள் ஓடும். ஒரு நாள் ரோட்ல உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுட்டு வெளிய வரும்.

இதுல நாள் கடத்தவும் கூடாது. சாவியைத் தொடாம விட்டதுல இன்ஜின் தப்பிச்சிருக்கும், ஆனா உள்ள துரு ஆரம்பிச்சிடும்.

மாமா வண்டி என்னாச்சு?

ஒரு ராடு வளைஞ்சிருந்துச்சு. சாவி போட்டதுலயா, தள்ளினதுலயான்னு இனிமே சொல்ல முடியாது. இன்ஜினை இறக்கி வேலை பார்க்க 60,000 ரூபாய் ஆச்சு. பக்கத்துத் தெருவுல அதே தண்ணியில நின்ன ஒரு லோடு ஆட்டோ. அந்த அண்ணன் மெக்கானிக் வர்ற வரைக்கும் எதையும் தொடல. அஞ்சாவது நாள் வண்டி ரோட்டுக்கு வந்துடுச்சு. எங்க வண்டிக்கு மூணு வாரம்.

அந்த மூணு வாரம்தான் எனக்கு உறுத்துது. வெள்ளத்துக்கு அப்புறம் குழாய்த் தண்ணியை நம்பி யாரு குடிப்பா? கேனுக்கு அவ்வளவு கேட்பு இருந்த நேரத்துல மாமா கிட்ட வண்டி இல்ல. பழகின வீடுங்க வேற ஆள்கிட்ட வாங்க ஆரம்பிச்சாங்க. சில வீடு திரும்பி வரவே இல்ல.

இன்ஷூரன்ஸ்? மாமா கிட்ட இருந்தது தேர்டு பார்ட்டி மட்டும். அதுல நம்ம வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணிக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணினதால போன இன்ஜினுக்குப் பொதுவா பணம் தர மாட்டாங்க. அதுக்குத் தனியா 'இன்ஜின் ப்ரொடெக்ட்'னு ஒரு கவர் இருக்கு. உங்க பாலிசியை இன்னிக்கு ஒரு தடவை திறந்து பாருங்க.

மாமா இதுவரை என்னைத் திட்டல. "நீ படிச்சவன், தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு நினைச்சேன் மாப்ள"ன்னு ஒரு தடவை சொன்னார். திட்டியிருக்கலாம்.

2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல கார்களை வரிசையா நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? நிறையப் பேர் அதை மீம்ஸ் போட்டுச் சிரிச்சாங்க. அந்த வரிசையில ஒரு குட்டி யானையும் நின்னுச்சு. மாமா போட்டோ அனுப்பியிருந்தார். நான் சிரிக்கல.

உங்க வீட்ல வண்டியை வெச்சுப் பொழைக்கிறவங்க இருந்தா, மழைக்காலத்துக்கு முன்னாடி இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. கேட்க நேரம் இல்லன்னா ஒரே வரி போதும்: தண்ணி வடிஞ்சதும் சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.