ரயில் பங்கு வாங்கலாமா? சேமநிதிப் பணத்தைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்குக்கு மெர்சிங்கிலிருந்து ஓர் அன்பர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருக்கு 55 வயது ஆகிவிட்டது. ஊழியர் சேமநிதியிலிருந்து 20,000 வெள்ளியை எடுத்து ரயில் நிறுவனப் பங்குகளில் போட எண்ணுகிறார். "ரயில் அரசாங்கத் திட்டம், அது மூழ்காது, பத்து வருடம் வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு உதவும் என்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?" என்பது அவருடைய கேள்வி.

மெர்சிங்கில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் குளுவாங்குக்குத்தான் போக வேண்டும். 665 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குக் கரை ரயில் திட்டம்கூட கோத்தா பாருவிலிருந்து குவாந்தான் வரை வந்து, பிறகு மேற்கே கிள்ளான் துறைமுகத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. இருந்தாலும் ஜோகூரில் இப்போது எங்கும் ரயில் பேச்சுதான். 2025-ஆம் ஆண்டில் இ.டி.எஸ். மின்சார ரயில் குளுவாங்கை எட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் ஜோகூர் பாரு வரை வந்தது. ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். திட்டமும் இருக்கிறது. ஆகவே அன்பரின் ஆசையில் தவறில்லை. ஆனால் பணத்தைப் போடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: அந்தப் பங்கு உண்மையிலேயே விற்பனைக்கு இருக்கிறதா?

கே.டி.எம். நிறுவனம் 1992-இல் நிறுவனமயமாக்கப்பட்டது. ஆனால் அதன் பங்குகள் முழுவதும் நிதியமைச்சின் கையில்தான் இருக்கின்றன. கிழக்குக் கரை ரயில் திட்டத்தின் உரிமையாளரான மலேசியா ரயில் லிங்க் நிறுவனமும், எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. ரயில்களை நடத்தும் பிரசரானாவும் அப்படியே. ஆர்.டி.எஸ். ரயிலை நடத்தப்போவது பிரசரானாவும் சிங்கப்பூரின் எஸ்.எம்.ஆர்.டி.யும் சேர்ந்து அமைத்த நிறுவனம். இவை எதுவும் புர்சா மலேசியாவில் பட்டியலிடப்படவில்லை.

எனவே வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ யாராவது "கிழக்குக் கரை ரயில் பங்கு, கே.டி.எம். பங்கு மலிவாகக் கிடைக்கிறது" என்று சொன்னால், அது சந்தையிலேயே இல்லாத சரக்கு. அப்படிப்பட்டவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பங்கு ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கமுடா, ஒய்.டி.எல். போன்றவை பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள்தாமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை ரயில் பாதை அமைக்கும் குத்தகையை எடுப்பவை. பயணச்சீட்டு விற்று வாழ்பவை அல்ல. ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த குத்தகை கிடைக்க வேண்டும். 2018-இல் ஆட்சி மாறியதும் கிழக்குக் கரைத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுதான் செலவு குறைக்கப்பட்டு மீண்டும் தொடங்கியது. கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டமோ 2021 தொடக்கத்தில் ரத்தானது. அறிவிப்பை நம்பி வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: கட்டணத்தை நிர்ணயிப்பது யார்?

மெர்சிங் மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வலை நிறைய மீன் வந்தாலும், விலையை வேறொருவர் சொல்லும்போது படகுக்காரர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ரயிலும் அப்படித்தான். பெட்டி நிறைய ஆள் ஏறினாலும், கட்டணத்தை உயர்த்தும் உரிமை இல்லையென்றால் பங்குதாரருக்கு லாபம் வராது. ஏழை எளியவர்களுக்காகக் கட்டணம் குறைவாக இருப்பது நியாயமே. பயணிக்கு நல்லது, பங்குதாரருக்கு அப்படியல்ல.

இந்தியாவில் இந்திய ரயில்வே அரசாங்கத் துறைதான். அதற்குப் பயணச்சீட்டு முன்பதிவும் உணவும் வழங்கும் ஐ.ஆர்.சி.டி.சி. 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 320 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளிலேயே இரட்டிப்பானது. 2021 அக்டோபரில், முன்பதிவுச் சேவைக் கட்டணத்தில் பாதியைத் தனக்குத் தர வேண்டுமென ரயில்வே அமைச்சு சொன்னது. மறுநாள் சந்தை திறந்ததும் பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது. அன்றே அமைச்சு அம்முடிவைத் திரும்பப் பெற்றது. ஒரே ஒரு கடிதத்தால் வந்த வினை அது!

மூன்றாவது கேள்வி: கடனைச் சுமப்பது யார்?

தண்டவாளம், பாலம், பெட்டி எல்லாவற்றுக்கும் முதலிலேயே கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். பயணிகள் பிறகுதான் வருவார்கள். வட்டி அதுவரை காத்திருக்குமா? நம் தலைநகரில் ஸ்டார் எல்.ஆர்.டி. 1996-லும் புத்ரா எல்.ஆர்.டி. 1998-லும் தனியார் முதலீட்டில் ஓடத் தொடங்கின. எதிர்பார்த்த அளவு பயணிகள் வரவில்லை; 1997-இன் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தது. 2002-இல் அரசாங்கம் பிரசரானா வழியாக இரண்டையும் எடுத்துக்கொண்டது. 2003-இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலும் 2007-இல் பிரசரானாவிடம் போனது. கவனியுங்கள், ரயில் நிற்கவில்லை. இன்றும் மக்கள் ஏறி இறங்குகிறார்கள். நின்று போனது முதலீட்டாளரின் கணக்குதான். "ரயில் மூழ்காது" என்பதும் "பங்குதாரர் மூழ்கமாட்டார்" என்பதும் ஒன்றல்ல.

பிரிட்டனிலும் இதே கதைதான். ரயில்டிராக் பங்கு 1996-இல் 3 பவுன் 90 பென்சுக்கு விற்கப்பட்டது. இரண்டே ஆண்டில் 17 பவுனைத் தாண்டியது. 2000-இல் ஹாட்ஃபீல்டில் நடந்த ரயில் விபத்துக்குப் பின் பாதைகளைச் சீர்செய்யும் செலவு ஏறிக்கொண்டே போனது. 2001 அக்டோபரில் நிறுவனம் நிர்வாகியின் கைக்குப் போனது.

நான்காவது கேள்வி: பயணச்சீட்டைத் தவிர வேறு வருமானம் உண்டா?

ரயிலில் யாரும் சம்பாதித்ததில்லை என்று நான் சொல்லவில்லை. ஹாங்காங்கின் எம்.டி.ஆர். நிறுவனம் நிலையங்களுக்கு மேலேயும் பக்கத்திலும் வீடுகளும் கடைத்தொகுதிகளும் கட்டிச் சம்பாதிக்கிறது. நம் நாட்டிலோ ரயில் நிலங்கள் கே.டி.எம்.முக்குச் சொந்தமல்ல, ரயில்வே சொத்துக் கழகத்துக்குச் சொந்தம். அமெரிக்காவில் வாரன் பஃபெட் பி.என்.எஸ்.எஃப். ரயில் நிறுவனத்தை வாங்குவதாக 2009-இல் அறிவித்து, அடுத்த ஆண்டு முழுமையாக வாங்கினார். அது சரக்கு ரயில். தானியமும் நிலக்கரியும் கொள்கலன்களும் ஏற்றுவது. 1980-இல் வந்த சட்டம் அங்கே சரக்குக் கட்டணத்தை ஏறக்குறைய நிறுவனங்களின் கையிலேயே விட்டுவிட்டது. அதற்கு முன் 1970-இல் பென் சென்ட்ரல் என்ற மாபெரும் ரயில் நிறுவனம் திவாலானதையும் மறக்கக் கூடாது.

இந்த நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தாலும், எந்த விலையில் வாங்குகிறோம் என்பது முக்கியம். இந்திய ரயில்வேக்கு நிதி திரட்டும் ஐ.ஆர்.எஃப்.சி. 2021 ஜனவரியில் 26 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. ஓராண்டுக்கு மேல் யாரும் சீண்டவில்லை. 2024-இல் 200 ரூபாயைத் தாண்டியபோது எல்லாரும் ஓடினார்கள். 2025-இல் அது 150-க்குக் கீழே வந்தது. 26-க்கு வாங்கிப் பொறுத்திருந்தவர் சிரித்தார்; 200-க்கு வாங்கியவர் நொந்தார். நிறுவனம் ஒன்றுதான், தொழிலும் ஒன்றுதான்.

நீண்ட காலம் வைத்திருக்கவும் எப்போதும் விடுவதில்லை. 2000-இல் சிங்கப்பூர் சந்தைக்கு வந்த எஸ்.எம்.ஆர்.டி.யை 2016-இல் தெமாசெக் ஒரு பங்குக்கு 1.68 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து முழுவதுமாக வாங்கிச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. பேரனுக்கு என்று வைத்திருந்தவரும் கொடுத்துவிட வேண்டியதாயிற்று.

இனி மெர்சிங் அன்பருக்கு நேரடியாகச் சொல்கிறேன். ஐயா, 55 வயதானதும் சேமநிதிப் பணத்தை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கேயே விட்டுவைக்கலாம். 2023-இல் 5.5 விழுக்காடும் 2024-இல் 6.3 விழுக்காடும் ஈவுத்தொகை கிடைத்தது. வரும் ஆண்டுகளில் கூடலாம், குறையலாம். ஆனால் ஆண்டுக்கு 5.5 விழுக்காடு என்று வைத்தாலே உங்கள் 20,000 வெள்ளி பத்து ஆண்டில் ஏறக்குறைய 34,000 வெள்ளி ஆகும். நீங்கள் வாங்க நினைக்கும் பங்கு, இடையில் வரும் தூக்கமில்லாத இரவுகளையும் சேர்த்து, இதைவிட அதிகமாகத் தருமா? அந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால், போனாலும் குடும்பம் தாங்கும் என்ற அளவுக்குச் சிறு தொகையை மட்டும், உரிமம் பெற்ற பங்குத் தரகர் மூலம் போடுங்கள். அதையும் ஒரே துறையில் போடாதீர்கள். மருந்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வைத்த பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

ரயில் நாட்டுக்கு நல்லது. அது மெர்சிங் பக்கமும் ஒருநாள் வரட்டும். வந்தால் முதலில் பயணச்சீட்டு வாங்குவோம். பங்கைப் பற்றிப் பிறகு யோசிப்போம்.