கணக்குக் காட்டுவது யாருக்காக?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். அவரும் மனைவியும் இயக்குநர்களாக இருந்து தொடங்கிய சிறிய 'பிரைவேட் லிமிடெட்' நிறுவனம் கரோனா காலத்தில் முடங்கியது. வியாபாரமே இல்லாதபோது ஆண்டறிக்கை எதற்கு என்று மூன்று ஆண்டுகள் எதையும் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டார். நண்பரின் நிறுவனத்தில் இயக்குநராகச் சேர முயன்றபோதுதான், தாம் தகுதியிழந்திருப்பது தெரியவந்தது.

வருமானம் இல்லையென்றால் கடமையும் இல்லை என்பது பலரும் செய்யும் தவறு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கான ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டும். அதிலிருந்து 30 நாள்களுக்குள் தணிக்கை செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கையையும், 60 நாள்களுக்குள் பங்குதாரர், இயக்குநர் விவரங்கள் அடங்கிய ஆண்டறிக்கையையும் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரிக் கணக்கு இதற்கு ஈடாகாது.

ஏன் இந்தக் கட்டாயம்? நிறுவனம் கடனில் மூழ்கினாலும் பங்குதாரரின் வீட்டையும் நகையையும் கடன் கொடுத்தவர் பொதுவாகத் தொட முடியாது. இழப்பு அவர் போட்ட முதலோடு நின்றுவிடும். இங்கிலாந்து 1855-இல் சட்டமாக்கிய இந்தப் பாதுகாப்பு, முன்பின் அறியாதவர்களும் துணிந்து முதலீடு செய்ய வழிவகுத்தது. அதற்குச் சமூகம் கேட்கும் விலை, வெளிப்படைத்தன்மை. சரக்கைக் கடனுக்குத் தரும் வியாபாரியும் சிறு கட்டணம் செலுத்தி அந்த ஆவணங்களைப் பார்வையிடலாம்.

தவறினால் விளைவு கடுமையானது. 2018 ஜூலை முதல், ஒவ்வோர் ஆவணத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், உச்சவரம்பு இல்லை. இரண்டு ஆவணங்களும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறினால் இயக்குநர்கள் ஐந்தாண்டுகள் தகுதியிழப்பர். இரண்டு ஆண்டுகள் தொழில் நடத்தாத நிறுவனத்தின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். 2017-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இவ்வாறு நீக்கப்பட்டன. மீண்டும் சேர, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும்.

கறுப்புப் பணத்துக்கான போலி நிறுவனங்களைக் களைவது அவசியம்தான். ஆனால், அவற்றுக்கும் தொழில் நொடித்த சிறு முனைவோருக்கும் ஒரே தினக் கட்டணம் என்பது நியாயமன்று. கட்டணம் மலையாகக் குவியும்போது, திருந்த நினைப்பவரும் ஒதுங்கியே இருப்பார். பதிவேடு மேலும் பொய்யாகும். சிறு நிறுவனங்களுக்கேனும் உச்சவரம்பு வேண்டும்.

தொழில்முனைவோருக்கும் பொறுப்பு உண்டு. தொழில் நின்றுவிட்டால் செயலற்ற நிறுவனம் என்ற தகுதிநிலையைக் கோரலாம். கடன்களைத் தீர்த்துவிட்டு, பெயரை நீக்க விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தைத் தொடங்கும் நாளிலேயே, அதை முறையாக மூடும் வழியையும் ஆடிட்டரிடம் கேட்டறிவது நல்லது. என் மாணவர் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.