கணக்கு முடிக்கிறவர் சொல்லாத காரணம்

"வீட்டுல விசேஷமுங்க, ஊருக்குப் போறனுங்க." கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்லையோ பனியன் கம்பெனியையோ விட்டுப் போகிறவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். அலுவலகமும் அதையே எழுதிக்கொள்கிறது. பாக்கிச் சம்பளம் கைக்கு வராத நேரத்தில் மனத்தாங்கலை யார் உடைத்துச் சொல்வார்?

ஆகவே, வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1928 தொடங்கிச் சுமார் 20,000 தொழிலாளரிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். முதலில் கேள்வித்தாளோடு போனார்கள்; தொழிலாளர்களோ வேறெதையோ பேசினார்கள். பிறகு கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவர்கள் போக்கிலேயே பேசவிட்டார்கள். அரைமணிப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது. வாயில் வரும் குறையும் உள்ளே இருக்கும் காரணமும் ஒன்றல்ல என்பது அங்கே தெளிவானது. கேன்டீன் சாப்பாடு மோசம் என்பவருக்கு, உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாததே குறையாக இருக்கலாம்.

யாரும் வேலையை விடவில்லை என்பதால் எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். தென் மாவட்டத்துப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டு போல விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். இடையில் கிளம்பினால் அந்தப் பணம் போய்விடுமோ என்ற பயம் அவர்களை நிறுத்திவைத்தது. வீட்டோடு போனில் பேசவும் விடுதியை விட்டு வெளியே போகவும் கட்டுப்பாடு இருந்த இடத்தில், அவர்கள் மனக்குறை எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. இதை நாம் மறக்கக்கூடாது.

இன்று பீகார், ஒடிசாக்காரர்களிடம் குறை கேட்கும்போது, கூட்டிவந்த கான்ட்ராக்டரே மொழிபெயர்க்கிறார் என்றால் அவரைப் பற்றிய குறை எப்படி வெளியே வரும்? மொழி தெரிந்த வேறொருவர் வேண்டும்.

ரிஜிஸ்டரையும் புரட்டுங்கள். எந்த ஷிப்டில், எந்த சூப்பர்வைசரின் கீழ், சேர்ந்து எத்தனை மாதத்தில் ஆட்கள் போகிறார்கள்? இரவு ஷிப்டிலிருந்தே வரிசையாகப் போனால், அத்தனை பேர் வீட்டிலுமா விசேஷம்?

20 தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்பது 2010 முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் குழுவில் தறியிலும் தையல் மெஷினிலும் வேலை பார்க்கிற பெண்கள் இருக்க வேண்டும். சொன்ன குறைகளில் ஒன்றாவது அடுத்த சம்பளத்துக்குள் சரியாக வேண்டும். ஆகாவிட்டால், மறுபடி கேட்கும்போது "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும்.