பந்தய வண்டியின் விசிறி

மோட்டார் வண்டியின் வேகத்தைப் பெருக்க விரும்புவோர் முதற்கண் நாடுவது இயந்திரத்தின் வலிமையையே. ஆயினும் வலிமை பெருகுந்தோறும் வெப்பமும் உடன் பெருகுகின்றது. பெட்ரோல் எரிவதனாற் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் ஆற்றலாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதை நீரும் எண்ணெயும் ஏற்றுக் காற்றினிடம் ஒப்புவித்தல் வேண்டும். ஒப்புவியாவிடின் எண்ணெய் தன் பசையை இழக்கும்; பிஸ்டன் சிலிண்டரோடு பற்றிக்கொள்ளும்; இயந்திரம் சில நிமிடங்களில் பாழாம். இவ்வமைப்பினை மாற்றப்புக்க ஒருவர் 1978ஆம் ஆண்டில் எழுப்பிவிட்ட வழக்கொன்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். அவ்வழக்கின் முடிச்சு இலக்கணத்தைச் சார்ந்தது என்பதே எம் விடை.

ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்களும் அவற்றினிடையே நெருங்கச் செறிந்த தகடுகளும் கொண்டதொரு சட்டம். குழாயினுள் வெந்நீர் ஓட, தகடுகளினூடே காற்று ஓட, வெப்பம் கைமாறுகின்றது. நீரைப் பற்றிய திருத்தங்கள் எளியவை. மூடியின் சுருள்வில்லை வலிதாக்கி உள்ளழுத்தத்தை வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் இருமடங்காக்கினால், நீர் 100 டிகிரியில் கொதியாது ஏறக்குறைய 120 டிகிரியிலேயே கொதிக்கும். நீருக்கும் காற்றுக்குமுள்ள வெப்ப வேற்றுமை மிகுதலின், சிறிய ரேடியேட்டரே பெரியதன் தொழிலைச் செய்யும். காற்றைப் பற்றிய திருத்தமோ அத்துணை எளிதன்று. காற்றின் முன் நிறுத்திய சட்டம் குளிர்ச்சியைத் தருவதோடு தடையையும் தருகின்றது. பந்தயக்காரனுக்கு இத்தடை பகையாகும்.

தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரில் 1946ஆம் ஆண்டு பிறந்த கார்டன் மரே என்பார் இங்கிலாந்தின் பிராபம் கழகத்திற்கு வண்டி அமைப்பவராயிருந்தார். பிடி46 என்னும் புதிய வண்டியில் ரேடியேட்டரையே ஒழித்துவிடத் துணிந்து, வண்டியின் பக்கங்களோடு படிந்த தட்டையான உலோகப் பலகைகளினுள் நீரையும் எண்ணெயையும் ஓடச் செய்தார். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1929லும் 1931லும் ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரீன் கடல்விமானங்களில் இறக்கையின் மேற்புறமே ரேடியேட்டராயிருந்தது. ஆனால் விமானத்திற்கு அகன்ற இறக்கையும் மிகுந்த வேகமும் உண்டு. வண்டிக்கு அவ்விரண்டும் இல்லை. அன்றியும் வழுவழுப்பான பரப்பினை ஒட்டி ஓடும் காற்றேடு மந்தமானது. சூடேறிய பின்னும் அது விரைந்து விலகாது பரப்பையே போர்த்திக்கொள்ளும். தகடுகள் செறிந்த சட்டத்தின் பரப்பளவில் ஒரு சிறு பங்கே அப்பலகைகளுக்கு இருந்தது. சோதனையோட்டத்தில் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிற்று. பலகைகள் பந்தயம் காணாமலே கழற்றப்பட்டன. வண்டியின் மூக்கில் பழைய முறை ரேடியேட்டர்கள் ஏறின. அழகிய கருத்தொன்று வெப்பக் கணக்கின் முன் தோற்றதென்க.

அவ்வாண்டு மே மாதத்தில் லோட்டஸ் 79 என்னும் வண்டி களத்திற்கு வந்தது. அதன் பக்கங்களின் அடிப்புறம் கவிழ்த்த இறக்கைபோல் வளைந்திருந்தமையால், அடியில் ஓடும் காற்று விரைந்து, அழுத்தம் குன்றி, வண்டியைத் தரையோடு அழுத்திற்று. பிராபம் வண்டியில் இருந்த ஆல்ஃபா ரோமியோ இயந்திரமோ பன்னிரண்டு சிலிண்டர்களும் இருபுறமும் படுத்துக் கிடப்பது. வளைவமைப்புக்கு வேண்டிய இடத்தை அதுவே அடைத்துக்கொண்டது. ஆதலின் மரே வேறு வழி நாடினார். ரேடியேட்டரை மூக்கினின்றும் பெயர்த்து இயந்திரத்தின்மேல் கிடையாக வைத்தார். இயந்திர அறையின் ஓரங்களைத் தரைவரை திரையிட்டு அடைத்தார். வாற்புறத்தில் பெரியதொரு விசிறியை அமைத்து இயந்திரத்தின் விசையாலேயே சுழலச் செய்தார். விசிறி மேலிருந்து ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுத்தது. அதே இழுப்பினால் அறையினுள்ளும் வண்டியின் அடியிலும் அழுத்தம் குன்ற, வண்டி தரையை உறிஞ்சி நின்றது. நின்ற நிலையில் இயந்திரத்தை முடுக்கினாலே வண்டி அமுங்குவதைப் பிறர் கண்டனர். ஓட்டத்தின் வேகத்தைச் சாராது விசிறியின் சுழற்சியையே சார்ந்திருந்தமையால், மெதுவாகத் திரும்பும் வளைவிலும் பிடிப்புக் குறையவில்லை.

இனி வழக்கு. காற்றின் விசையை ஆளும் உறுப்பு அசைதல் ஆகாதென்பது பந்தய விதி. விசிறி அசைவதேயன்றோ! அதன் முதன்மையான பயன் குளிர்ச்சியே, விசிறி இழுக்கும் காற்றிற் பாதிக்கு மேல் ரேடியேட்டரின் வழியே செல்கின்றது என்பது பிராபம் கழகத்தாரின் விடை. நண்பர்காள், நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் 'பொருட்டு' என்பதும் ஒன்றென்று படித்திருக்கின்றோம். விசிறி குளிர்த்தற்கா, அமுக்குதற்கா? ஓர் உருபு இருவினைக்கும் பொருந்தி நிற்கின்றது. விதியோ ஒன்றையே தலைமையாகக் கொள்ளச் சொல்கின்றது. அமெரிக்காவில் 1970இல் ஓடிய சாப்பரல் 2ஜே வண்டிக்கு இவ்விடை கிடைத்திருக்காது. அதன் விசிறிகளைச் சுழற்றத் தனி இயந்திரமே இருந்தது.

எம் கருத்தை மறைப்பானேன்? காற்றின் அளவைக் கொண்டு பயனைத் துணிதல் போதாது. மூக்கிலிருந்த ரேடியேட்டர்களைக் கொண்டே அவ்வண்டி பந்தயங்கள் ஓடியிருக்க, லோட்டஸ் வந்த பின்னரே விசிறி பிறந்தமையால், அது அமுக்குதற்கே பிறந்ததென்பது எம் துணிபு. ஆயினும் எழுதிய சொற்களின்படி நோக்கின் மரே விதியை மீறினாரல்லர். குற்றம் விதியை எழுதினார்மேற் செல்லும்.

1978 ஜூன் 17ஆம் நாள், சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ்டார்ப் களத்தில் பிடி46பி இறங்கிற்று. ஜான் வாட்சன் வண்டி இடையில் நின்றுவிட்டது. நிக்கி லௌடாவோ, முதலில் ஓடிய லோட்டஸ் வீரர் மாரியோ ஆண்ட்ரெட்டியை முந்தி, இரண்டாவதாக வந்த ரிக்கார்டோ பட்ரேசேக்கு 34 விநாடிக்கு மேல் முற்பட்டு வென்றார். விசிறி கல்லையும் மணலையும் பின்வருவோர்மேல் வாரி இறைக்கின்றதென்று பிற கழகத்தார் முறையிட்டனர். வெற்றி பறிக்கப்படவில்லை, ஆனால் கழகத் தலைவர் பெர்னி எக்கில்ஸ்டன் அவ்வண்டியைப் பின்வாங்கிக்கொண்டார். அதன் பின்னர் அஃது உலகப்பட்டப் பந்தயம் எதிலும் ஓடியதில்லை.

2020ஆம் ஆண்டில் மரே வெளியிட்ட டி.50 என்னும் சாலை வண்டியின் வாற்புறத்தில் 400 மில்லிமீட்டர் அகலமுள்ள விசிறி ஒன்று மீண்டும் அமைந்திருக்கின்றது. இம்முறை அது காற்றோட்டத்தை ஆளுதற்கு என்றே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. பந்தய விதி பொதுச்சாலைக்கு இல்லையன்றோ.