புயல் வருகிறது! லாரியில் தூங்குபவருக்கு யார் சொல்வது?

வடசென்னைக்கு அப்பால், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் இருக்கிறது வள்ளூர். அங்கே அனல் மின் நிலையம் உண்டு. பக்கத்தில் கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. கிழக்கே போனால் காமராஜர் துறைமுகமும், காட்டுப்பள்ளி துறைமுகமும் வரும்.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிகள் இந்த வட்டாரத்துச் சாலை ஓரங்களில் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சோறு பொங்குவார்கள். அங்கேயே படுப்பார்கள். நாமக்கல்லிலிருந்து வந்தவர் இருப்பார். வடநாட்டிலிருந்து வந்தவரும் இருப்பார். அவர்களுக்கு லாரிதான் வீடு!

ஊரில் இருப்பவருக்குப் புயல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வரும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். அதுவே ஓர் எச்சரிக்கை.

லாரியில் தூங்குபவருக்கு யார் சொல்வது?

கடலில் போன ரெயில்

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரெயில் போயிற்று. வெளியே பேய்க்காற்று. அந்தப் புயல் இலங்கையைத் தாக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அது எவ்வளவு பயங்கரமானது என்று ரெயிலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழி இல்லை.

தனுஷ்கோடியை நெருங்கும்போது பேரலை எழுந்தது. ரெயிலைக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். தனுஷ்கோடி ஊரும் அழிந்தது.

வீட்டில் இருப்பவரைவிட வழியில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம். அவருக்கு ஊர் தெரியாது. ஊருக்கும் அவரைத் தெரியாது.

கூண்டு சொல்லும் சேதி

கடலில் போகிறவர்களுக்கு மட்டும் பழைய காலத்திலேயே ஒரு வழி இருந்தது. அதுதான் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூம்பு, உருளை போன்ற அடையாளங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

பெரிய துறைமுகங்களில் இதற்கு 11 எண்கள் உண்டு.

1, 2 என்றால், புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது.

3, 4 என்றால், துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம்.

5, 6, 7 என்றால் அபாயம்.

8, 9, 10 என்றால் பெரிய அபாயம். 10 ஏற்றினால், கடும் புயல் அந்தத் துறைமுகத்தின் மீதோ, மிக அருகிலோ கரையைக் கடக்கப் போகிறது என்று பொருள்.

அப்படியானால் 11 எதற்கு? தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு! வானிலை அலுவலகத்திலிருந்து சேதி வரவில்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது என்று துறைமுக அதிகாரி நினைக்கிறார் என்று அர்த்தம். சேதி வராமல் இருப்பதும் ஒரு சேதிதான். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பத்தில் இருந்து சட்டைப் பைக்கு

இன்று புயலைக் கண்டுபிடிக்கும் வேலையை ஆகாயத்தில் செயற்கைக்கோளும், கரையில் ராடாரும் செய்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் டாப்ளர் ராடார் வைத்தார்கள். மேகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் அது சொல்வதில்லை. உள்ளே காற்று எந்த வேகத்தில் சுழல்கிறது என்றும் சொல்லும்.

அந்தச் சேதி மக்களிடம் எப்படி வருகிறது? முன்பு ரேடியோவிலும் டி.வி.யிலும் மட்டும் வந்தது. இப்போது செல்போனுக்கே வருகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நடத்தும் அந்த ஏற்பாட்டின் பெயர் 'சசேத்'. இந்திச் சொல்லான இதற்கு 'விழிப்பு' என்று பொருள்.

2023-ல் நாடு முழுவதும் பல செல்போன்கள் திடீரென்று பலமாக அலறின. என்னமோ ஏதோ என்று ஜனங்கள் பயந்தார்கள். அது சோதனை எச்சரிக்கை. புதிய முறை வேலை செய்கிறதா என்று அரசாங்கம் பார்த்தது.

இதில் என்ன புதுமை?

சாதாரண சேதி ஒரு நம்பரைத் தேடிப் போகிறது. இந்த எச்சரிக்கை நம்பரைத் தேடுவதில்லை. ஒரு செல்போன் கோபுரத்தில் இருந்து, அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. போன் எந்த ஊர் நம்பர் என்ற கேள்வியே இல்லை. வள்ளூரில் நிற்கும் லாரி டிரைவரின் போன் நாமக்கல் நம்பராக இருக்கலாம். ஆனாலும் வள்ளூர் எச்சரிக்கை அவருக்கு வரும்.

தபால்காரர் ஆளைத் தேடிக் கடிதம் கொடுப்பார். தண்டோராக்காரர் தெருவுக்கே சொல்லிவிட்டுப் போவார். இது தண்டோரா!

இருக்கும் ஊர் எது?

அமெரிக்காவில் சிலர் வீட்டையே மோட்டார் வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு எல்லாம் வண்டியிலேயே இருக்கும். அங்கே சூறாவளிச் சுழல் வந்தால் வண்டியைத் தூக்கி எறிந்துவிடும்.

அதனால் அவர்கள் வானிலைக்கென்றே தனி ரேடியோ வைத்திருக்கிறார்கள். அபாயச் சேதி வந்தால் அது தானே அலறி எழுப்பும். ஆனால் ஒரு சங்கடம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு குறி எண் உண்டு. வண்டி புது வட்டாரத்துக்குப் போனதும் எண்ணை மாற்ற வேண்டும். மறந்தால், விட்டுவந்த ஊரின் புயலுக்கு அலறும். இருக்கும் ஊரின் புயலுக்குச் சும்மா இருக்கும்!

அதே சங்கடம் இங்கேயும் உண்டு. ரேடியோவிலும் டி.வி.யிலும் எச்சரிக்கையை மாவட்டப் பெயர் சொல்லித்தான் அறிவிக்கிறார்கள். எண்ணூர் சென்னை மாவட்டம். வள்ளூர் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். தடா திருப்பதி மாவட்டம். ஒரே லாரி ஒரே நாளில் மூன்று மாவட்டமும் போய்விடும். எனவே டிரைவர் வண்டியை நிறுத்தியதும் டீக்கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, இது எந்த மாவட்டம்?"

நிறத்தின் பொருள்

மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. இதுதான் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை. 115.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை. 204.4-ஐயும் தாண்டினால் அதிகனமழை.

சிவப்பு எச்சரிக்கை வந்தால் லாரியை மரத்தடியிலோ, மின்கம்பி அடியிலோ, ஆற்றங்கரையிலோ நிறுத்தக் கூடாது. காலிக் கண்டெய்னர் வண்டியைப் பக்கவாட்டுக் காற்று எளிதில் சாய்க்கும். புயல் காற்று வருமுன் டிரைவர் வண்டியை விட்டு உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஓடும் தண்ணீரை அற்பமாக நினைக்கக் கூடாது. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் ஓர் ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் நீர் சின்ன காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் நீர் பெரிய வண்டிகளையே இழுத்துச் செல்லும்.

புயல் அங்கே, வெள்ளம் இங்கே

2023 டிசம்பரில் வந்தது 'மிக்ஜாம்' புயல். அது 5-ந் தேதி கரையைக் கடந்த இடம் ஆந்திராவில் உள்ள பாபட்லா அருகே. சென்னையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர்! ஆனால் 3, 4-ந் தேதிகளில் சென்னையில் பேய்மழை கொட்டித் தீர்த்தது. கொசஸ்தலை ஆறு பொங்கியது. எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது.

"புயல் ஆந்திராவுக்குத்தானே போகிறது" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இது பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. அந்த நாட்களில் பல இடங்களில் மின்சாரம் போயிற்று. செல்போன்களும் பேசவில்லை. அலறி எழுப்ப வேண்டிய போனே ஊமையாகிவிட்டால்?

அப்போது 11-ம் எண் கூண்டை நினைக்க வேண்டும். போன் ஊமையானால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. ஆபத்து நெருங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

போனில் அவசர எச்சரிக்கை ஒலியை நிறுத்தி வைக்காதீர்கள். 2024-ல் தமிழக அரசு 'டி.என்.அலர்ட்' என்ற செயலியை வெளியிட்டது. அதைப் போனில் ஏற்றிக்கொள்ளலாம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த உடனே போனுக்குச் சார்ஜ் ஏற்றுங்கள். பாட்டரியில் பாடும் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். லாரியிலும் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை பாட்டிக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்.

வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போயிருக்கிறாரா? அவர் இருக்கும் மாவட்டத்தின் சேதியையும் வீட்டில் இருப்பவர்கள் கேளுங்கள். போன் பேசும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

வீட்டு வாசலில் வெளியூர் லாரி நிற்கிறதா? கதவைத் தட்டி எழுப்புங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால் வானத்தைக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைக் காட்டுங்கள். புரிந்துகொள்வார்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. கொசஸ்தலை ஆற்றில் அணைக்கட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள் வள்ளூர் வட்டார மக்கள். அவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் சொல்லும் சேதி கோபுரம் வரை வந்துவிடும். கோபுரத்திலிருந்து போன் வரை வந்துவிடும். போனைப் பார்க்காமல் தூங்குபவருக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டியது, கதவைத் தட்டும் ஒரு கைதான்!