தடை வந்த பிறகும் கார்டு கேம் ஓடுவது எப்படி?

ஆன்லைன் விளையாட்டு வரைவு விதிகள் மீது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குக் கருத்து அனுப்ப 2025 அக்டோபர் 31 கடைசி நாளாக இருந்தது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து திருச்சியின் அரியமங்கலம், காட்டூர், பொன்மலைப் பக்கத்துப் பெற்றோர் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம். "ஆகஸ்ட் மாதமே ஆன்லைன் கேமைத் தடை செய்தாயிற்று என்றார்கள். எட்டாவது படிக்கிற என் பையன் போனில் கார்டு கேம் இன்னும் ஓடுகிறதே, அது மட்டும் எப்படி?"

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் குறிவைப்பது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. அவற்றை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளும் காசு ஆட்டங்களுக்கு மட்டும்தான்: 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் இல்லை. பிள்ளைகள் ஆடும் இந்தப் படக் கார்டு கேமில் பணம் உள்ளே போகும், பணமாக வெளியே வராது. அதனால் சட்டம் சொல்லும் 'ஆன்லைன் சமூக விளையாட்டு' வகையில் அதை வைக்க இடமிருக்கிறது. இளைஞர்களைக் காப்பதும் இந்தச் சட்டத்தின் நோக்கம் என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் கையில் இருக்கும் ஆட்டத்தை அது தொடவே இல்லை என்னும்போது, அந்த வாசகத்தை நான் முழுதாக நம்பத் தயாரில்லை.

கார்டுகளில் டிராகனும் மந்திரவாதியும் மோதுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எந்தக் கார்டை எப்போது இறக்குவது என்று யோசிப்பது நல்ல பயிற்சிதான். கவலையெல்லாம் அந்தக் கார்டு கைக்கு வந்து சேரும் வழியைப் பற்றித்தான்.

2024 அக்டோபர் 30 அன்று வெளியான 'பொக்கேமான் டிரேடிங் கார்டு கேம் பாக்கெட்' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் 5 கார்டு. 12 மணி நேரத்துக்கு ஒரு பாக்கெட் இலவசம். திரையில் விரலை இழுத்தால் உறை கிழியும், கார்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். மிக அரிய 'கிரவுன்' கார்டு வர வாய்ப்பு எவ்வளவு என்பதை நிறுவனமே ஆட்டத்துக்குள் போட்டிருக்கிறது. முதல் தொகுப்பில் நான்காவது கார்டாக வர 0.04 சதவீதம், ஐந்தாவதாக வர 0.16 சதவீதம். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 500 பாக்கெட்டுக்கு ஒன்று.

500 பிரித்தால் ஒன்று நிச்சயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெட்டிக்கடையில் தொங்கும் பரிசு அட்டையில் அது சரி. ஒவ்வொரு சீட்டாகக் கிழிக்கக் கிழிக்க மிச்சம் குறையும், கடைசிச் சீட்டுக்குள்ளாவது பரிசு இருந்தாக வேண்டும். போனில் மிச்சம் குறைவதே இல்லை. 499 பாக்கெட் வெறும் பாக்கெட்டாகப் போயிருந்தாலும் அடுத்ததின் வாய்ப்பு முதல் நாள் இருந்த அதே வாய்ப்புதான். கணக்குப் போட்டால், 100 பிள்ளைகள் தலைக்கு 500 பாக்கெட் பிரித்தாலும் ஏறத்தாழ 37 பேருக்கு அந்தக் கார்டு கிடைத்திருக்காது.

இதற்கு ஆறுதலாக ஓர் ஏற்பாடு உண்டு. பாக்கெட்டுக்கு 5 புள்ளி சேரும், 2,500 புள்ளி சேர்ந்தால் கிரவுன் கார்டையே வாங்கிக்கொள்ளலாம். இலவசப் பாக்கெட் ஒரு நாளைக்கு இரண்டு என்றால் அதற்கு 250 நாள் ஆகும். ஆனால் ஒரு தொகுப்பில் சேர்த்த புள்ளி அந்தத் தொகுப்புக்கு மட்டுமே செல்லும். 2025-ல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு புதுத் தொகுப்பு வந்துகொண்டிருந்தது. கூடப் படிக்கிற பையன்கள் புதியதற்குப் போய்விடுவார்கள், இவன் மட்டும் பழையதில் காத்திருப்பானா? காத்திருக்கும் நேரத்தை வேண்டிய அளவுக்குக் குறைக்க ஒரு வழிதான் உண்டு, அது காசு. பொறுமையாக ஆடினால் செலவே இல்லை என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

அதே ஆட்டத்தில் இன்னொன்று. வேறொருவர் பிரித்த பாக்கெட்டின் ஐந்து கார்டையும் காட்டி, கவிழ்த்துக் கலைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததும் மற்ற நான்கும் திரும்பி முகம் காட்டும். ஆசைப்பட்ட கார்டு பக்கத்திலேயே இருந்தது பிள்ளையின் கண்ணில் படும். தோற்றுவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றாது, இதோ கிடைத்திருக்கும் என்றுதான் தோன்றும். இந்த ஒன்றுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

சமூக விளையாட்டுக்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம் என்கிறது சட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டுக்கு வாங்கும் காசு இந்த இரண்டில் எதுவும் அல்ல. கருத்து அனுப்பியவர்கள் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்: 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இப்படிப்பட்ட பாக்கெட்டை விற்கலாமா, கூடாதா?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வெளிநாட்டில் என்ன நிலை? சில வகைக் கார்டுகள் முழுதாகச் சேர்ந்தால் அரிய பரிசு தரும் முறையை ஜப்பான் 2012-லேயே நிறுத்தியது. வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொல்லிச் சீனா 2017-ல் கட்டாயமாக்கியது. காசுக்கு விற்கும் மர்மப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சொன்னது.

அந்நியர் யாராவது பேச்சுக் கொடுப்பார்களா? மேலே சொன்ன ஆட்டத்தில் எழுதிப் பேசும் வசதி இல்லை; மற்றவற்றில் நீங்களே திறந்து பாருங்கள்.

மாதச் சந்தா 'இரண்டு வாரம் இலவசம்' என்கிறதே? அதன் பிறகு மாதாமாதம் தானாகவே பணம் பிடிப்பார்கள். அதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.

எந்த வயதிலிருந்து விடலாம்? 500-க்கு ஒன்று என்றால் என்னவென்று பிள்ளை தன் வாயால் சொல்லும் வயதிலிருந்து.

பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால்? கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேளுங்கள், அன்றைக்கே யுபிஐ பின் நம்பரையும் மாற்றுங்கள்.