புகைபோக்கியின் வெப்பத்தில் ஐஸ்

கடலூர் முதுநகரிலிருந்து கடலுக்குப் புறப்படும் விசைப்படகு டீசலோடு ஐஸையும் ஏற்றிக்கொண்டே செல்கிறது. செம்மங்குப்பத்தைக் கடந்து சிதம்பரம் வரை நீளும் இவ்வட்டாரத்தின் சந்தைகளில் மீனின் விலை ஐஸையும் பொறுத்தே அமைகிறது. அப்படகின் எஞ்சினோ, எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுழல்விசையாக்கிவிட்டு, இன்னொரு பங்கை 300 முதல் 450 பாகை செல்சியஸ் வரை சூடேறிய புகையாக வெளியேற்றுகிறது. அந்த வெப்பத்தால் ஐஸ் உறையவைக்கலாம் என்பது முரணாகத் தோன்றினாலும், அதற்குரிய பொறிக்குப் பிரான்சின் பெர்டினாண்ட் கார்ரே 1859இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

வழக்கமான ஐஸ் பிளாண்டில் அம்மோனியா ஆவியைக் கம்பிரசர் அழுத்துகிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது. கார்ரேயின் உறிஞ்சுமுறையில் அவ்வாவியை நீர் கரைத்துக்கொள்ள, அக்கரைசலைச் சிறு பம்பு ஒன்று உயரழுத்தக் கலத்துக்குத் தள்ளுகிறது. திரவத்தைத் தள்ள ஆவியை அழுத்துவதில் சிறுபங்கு வேலையே போதும். கலத்தில் வெப்பம் பட்டுப் பிரியும் அம்மோனியா, கண்டன்சரில் திரவமாகி, அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைத் தாண்டியதும் மீண்டும் கொதித்து, சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. இதே உறிஞ்சுமுறையில் இயங்கினாலும், பெரிய கட்டடங்களின் ஏசிக்குப் பயன்படும் லித்தியம் புரோமைடு பொறிகளில் குளிர்பொருளாக இருப்பது நீரே. அது பூச்சியம் பாகையில் உறைந்துவிடுமாதலால் அவற்றில் ஐஸ் செய்ய இயலாது.

60 கிலோவாட் விசை தரும் எஞ்சினின் புகையிலும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் இருக்கும். புகையை அளவுமீறிக் குளிர்வித்தால் டீசலின் கந்தகம் அமிலமாகப் படிந்து குழாயை அரிக்குமாதலால், பாதியை மட்டுமே எடுப்பதாகவும், அதில் பாதி குளிராக மாறுவதாகவும் கொண்டால், நாளொன்றுக்கு இரண்டரை டன் ஐஸ் தாளில் கிடைக்கிறது.

கடலில் கணக்கு சுருங்கிவிடும். வலையை இழுக்கும்போது பொங்கும் வெப்பம், படகு சும்மா மிதக்கும்போது அற்றுப்போகிறது. அலையின் ஆட்டத்தில் கலங்களின் திரவமட்டம் தடுமாறுகிறது. அம்மோனியா செம்பை அரிப்பதால் எல்லாக் குழாயும் எஃகாக இருக்க வேண்டும், மூடிய அறையில் அது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கரையில் ஐஸ் எளிதாகக் கிடைக்க, காலையில் போய் மாலையில் திரும்பும் படகுக்கு இத்தனை சுமை வீண். பல நாள் தங்கும் ஆழ்கடல் படகுக்கே இது பொருந்தும்.

அலையின் ஆட்டத்தைச் சமாளிக்கும் ஒரு மாற்றாக, நீருக்குப் பதில் கிளர்வூட்டிய கரியின் நுண்துளைகளில் அம்மோனியா ஒட்டிக்கொள்ளும் பரப்புக்கவர்தல் முறை உண்டு. ஒரு கரிக்கலம் புகையில் சூடேறி ஆவியை விடும்போது மற்றொன்று குளிர்ந்து ஆவியை ஏற்கிறது. ஆயினும் கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், அதே அளவு குளிருக்குக் கலங்கள் பருத்து, மீன் வைக்கும் இடத்தையே பிடித்துக்கொள்கின்றன.